அரிசி மூட்டைக்கு அளவெடுத்த சைக்கிள்

எங்கள் சனிக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் நான்கு பேர். நால்வருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நால்வரிடமும் இருப்பவை மலைச்சரிவில் பாய்ந்து இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்கள். நாங்கள் ஓடுகிற கனடாவின் ஸ்காபரோவில் மலை கிடையாது. ரூஜ் பள்ளத்தாக்கில் ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம், இறங்கும்போது பிரேக்கை விடவே மாட்டோம். ஆனால் அந்த மேட்டுக்கு ஷொக் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று கோப்பிக் கடை வாசலில் நின்று இரண்டு மணி நேரம் வாதாடுவோம். சைக்கிள் ஓடுவது முக்கால் மணி நேரம்.

ஷொக் என்பது பெரிய சங்கதி இல்லை. பின்சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்றடைத்த ஒரு குழாய், அவ்வளவுதான். ஆள் ஏறி இருந்தால் அது கால்வாசியளவு அமுங்க வேண்டும். எதுவரை அமுங்கியது என்பதை அதிலுள்ள சின்ன றப்பர் வளையம் காட்டிக் கொடுக்கும். கூட அமுங்கினால் காற்றடி, குறைந்தால் காற்றை விடு. ஒரு நிமிட வேலை. இதற்காக நாங்கள் இரண்டு கிழமை முகம் பாராமல் இருந்திருக்கிறோம். ஒருவர் மிசிசாகாப் பக்கம், விமான நிலையத்தில் வேலை; எதைச் சொன்னாலும் விமானத்தின் சில்லு இறங்கும் விதத்தில் போய் முடிப்பார். இன்னொருவர் விட்பியிலிருந்து வருபவர். முதல்நாள் பார்த்த வீடியோவை மறுநாள் தன் அனுபவமாகச் சொல்வார். நான் இரண்டு பேரையும் மறுத்துப் பேசுவேன். எனக்கென்று ஒரு கருத்து இருந்ததாக ஞாபகம் இல்லை.

நாலாமவர் எங்களுக்கு மூத்தவர். அண்ணை என்போம். கோடை தொடங்கும்போது அவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். மூன்று மாதம் போனபிறகு மெல்ல மெல்ல சைக்கிளில் ஏறலாம், உடம்பு விட்டால் பார்ப்போம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அண்ணை திரும்ப எங்களோடு ஓடுவாரா, இல்லையா? அந்தக் கோடை முழுக்க எங்கள் மூவருக்கும் இருந்த பயம் அது ஒன்றுதான். ஒருவரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை முறைப்படி தோடம்பழமும் திராட்சையும் வாங்கிக்கொண்டு போனோம். அண்ணை மேல்மாடியில் சாய்கதிரையில் இருந்தார். நெஞ்சோடு ஒரு சிவப்புத் தலையணையை அணைத்து வைத்திருந்தார். இருமல் வந்தால் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டுமாம், பொருந்துகிற எலும்பு விலகாமலிருக்க. அதைக் கண்டதும் ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற நாங்கள் மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

“எப்பிடி இருக்கிறீங்கள் அண்ணை?”

“இருக்கிறன்.”

அதற்கு மேல் என்ன கேட்பது? விட்பிக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். “உங்கட சைக்கிளை ஒருக்காப் பாப்பமே? நெஞ்சு அதிராத மாதிரி ஷொக்கைச் செற் பண்ணோணும்.” கீழே கராஜுக்குள் இறங்கியதும் எங்களுக்கு மூச்சு வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

அதன்பிறகு எட்டுச் சனிக்கிழமைகள். ஹாண்டில்பாரைக் கழற்றிக் கார்பனில் வேறொன்று பூட்டினோம், அது அதிர்வைக் குடிக்குமாம். ரயரை அகலமாக்கினோம். பட்டனை அழுத்தினால் ஆசனம் இறங்குகிற தண்டு ஒன்றைப் பூட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. வரும்போது மேலே ஏறி முகத்தைக் காட்டுவோம், போகும்போது கீழே நின்று கையைக் காட்டுவோம். இடையில் அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவருவார்.

“தம்பியவை, மேலயும் வந்து கொஞ்சம் இருந்து கதையுங்கோவன். அவர் உங்கட சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்.”

“ஓம் அக்கா, உந்த வேலையை முடிச்சிட்டு வாறம்.”

எட்டாவது சனிக்கிழமை ஷொக்குக்குக் காற்றடிக்கும் நாள் வந்தது. அதற்கு அண்ணையின் எடை தெரிய வேண்டும்.

“மேல போய்க் கேட்டால் முடிஞ்சுது,” என்றேன் நான்.

“நெஞ்சு வருத்தக்காரனிட்டப் போய் எத்தினை கிலோ எண்டு கேக்கிறதே? மனுசன் நொந்து போவார்,” என்றார் விமான நிலையக்காரர். அது எல்லோருக்கும் வசதியாக இருந்ததால் சரியென்று பட்டது.

எடையை நாங்களே முடிவு செய்தோம். எண்பத்தைந்து என்றார் ஒருவர், எழுபத்தைந்து என்றார் மற்றவர். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள்கூட மாட்டை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் எண்பதுக்கு இணங்கினோம். எண்பது கிலோவுக்கு எங்கே போவது? கராஜ் மூலையில் அரிசி அடுக்கியிருந்தது. மலிவு விலை போட்டால் அக்கா நான்கு மூட்டையாக வாங்கிப் போடுகிறவர். மூட்டைக்கு நாற்பது இறாத்தல், அதாவது பதினெட்டுக் கிலோ. இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மீதிக்கு ஆசனத்தின் மேல் எட்டுக் கிலோப் பருப்புப் பை ஒன்றை வைத்தோம். நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன். ஓடும்போது உடம்பில் போடுகிற சாமான் எல்லாவற்றையும் போட்டுத்தான் அளக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். விட்பிக்காரர் அண்ணையின் ஹெல்மெற்றை எடுத்துப் பருப்புப் பையின் தலையில் கவிழ்த்துவிட்டார். காற்றடித்தோம். வளையம் கால்வாசியில் நின்றது. கைதட்டினோம்.

“அது ஆர், நானோ?”

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு இறங்கும் வாசலில் தலையணையை அணைத்தபடி அண்ணை நின்றார். விட்பிக்காரர் அவசரமாக ஹெல்மெற்றை எடுத்தார்.

“இறக்குங்கோடா உந்த மூட்டையளை. நான் இன்னும் இந்த வீட்டிலதான் இருக்கிறன்.”

அரிசியை இறக்கினோம். பட்டனை அழுத்தி ஆசனத்தைத் தாழ்த்தினோம். நாங்கள் செய்த வேலைகளில் உருப்படியாக உதவியது அது ஒன்றுதான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடிக்க, காலை மெல்லத் தூக்கிப் போட்டு அண்ணை ஆசனத்தில் ஏறி இருந்தார். பிறகு அதேபோல மெல்ல இறக்கினோம். மூன்று பேரும் குனிந்து வளையத்தைப் பார்த்தோம்.

அது கால்வாசியை எட்டாமல் வெகு முன்னரே நின்றுவிட்டது.

“காத்துக் கூடிப்போச்சு,” என்றார் விமான நிலையக்காரர்.

“இல்லை, பம்பின்ர மீற்றர் பிழை,” என்றார் விட்பிக்காரர். நானும் எதையோ மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணையின் கையைப் பிடித்திருந்தேன். சட்டைக் கைக்குள் அது பாதியிடத்தைத்தான் நிரப்பியது.

“மீற்றரில ஒரு பிழையும் இல்லை,” என்றார் அண்ணை. “பதினைஞ்சு கிலோ குறைஞ்சு போச்சு. எட்டுக் கிழமையா வந்து என்ர சைக்கிளுக்கு என்ன வருத்தம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள். என்னை ஒருத்தனும் கேக்கேல்லை.”

பழைய ரயர்ப் பெட்டி ஒன்றை இழுத்து அண்ணையை இருத்தினோம். நாங்கள் சீமெந்துத் தரையில் இருந்தோம். அதுவரை கேட்காமல் வைத்திருந்ததை நான்தான் கேட்டேன்.

“அண்ணை, திரும்ப எங்களோட ஓட வருவீங்களோ?”

அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“தெரியாதடா. ஓடாட்டி நீங்கள் வரமாட்டியளோ?”