சிவப்புப் பலகைக்குக் கட்டிய சட்டை

குமுளியில் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் ஜீப்பை ஆறு ஆண்டுகளாகத் தினக்கூலிக்கு ஓட்டியவன் செல்லத்துரை. 1974 ஆனி மாதம் அவன் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியது. அதிகாரியின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. வீட்டில் மனைவி பூமாரிக்கு ஏழு மாதம். அந்தக் கையெழுத்தை நம்பி அவள் தொட்டிலுக்குக் கொக்கிகூட அடித்துவிட்டாள்.

அந்த ஜீப்பின் முன்னால், நம்பர் பிளேட்டுக்கு மேலே, சர்க்கார் வண்டி என்று சொல்லும் சிவப்புப் பலகை இருந்தது. அதைக் கண்டால், கம்பம் ஊருக்குப் போகும் வழியிலுள்ள எல்லைச் சாவடியில் தடுப்புக் கம்பு உயர்ந்துவிடும். யாரும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதிகாரி வண்டியில் இல்லாத நேரம் பலகையை மூடிவைக்க வேண்டும் என்று அலுவலக உத்தரவு ஒன்று உண்டு. மற்ற ஓட்டுநர்கள் அதை மறந்தே போனார்கள். செல்லத்துரை மறக்கவில்லை. கிழிந்த தன் காக்கிக் கால்சட்டையில் பூமாரியைக் கொண்டு ஓர் உறை தைத்து வைத்திருந்தான். அதிகாரி இறங்கினால் கட்டுவான், ஏறினால் அவிழ்ப்பான். பலகைக்குக் குளிரடிக்கிறதாம் என்று கடைவீதி சிரித்தது.

அன்று காலை அந்த ஜீப்பில் ஏலக்காய் வியாபாரி அழகுமலை ஏறினார். அதிகாரியின் சிநேகிதர். பின்னால் அனுமதிச் சீட்டு இல்லாத ஆறு மூட்டை ஏலக்காய். அதிகாரியின் இருக்கையில் சாய்ந்துகொண்டு, "கம்பத்துக்கு விடுப்பா. அந்தத் துணிய அவுத்துப் போடு" என்றார்.

"சார் ஏறலையே, மொதலாளி."

"அவரு சொல்லித்தானப்பா வந்துருக்கேன்."

"சொன்னவரு வந்து உக்காரட்டும். அவுக்குறேன்."

"உங்க ஆத்தா வீட்டுச் சீதனமாடா அந்தப் பலகை? கையெழுத்து இன்னும் விழல, ஞாபகம் இருக்கட்டும்."

செல்லத்துரை அசையவில்லை. அழகுமலை தாமே இறங்கி, நாடாவை அறுத்து, உறையைச் சாக்கடையில் எறிந்தார். பூமாரியின் தையல் சேற்றில் அமிழ்வதைச் செல்லத்துரை பார்த்தான். வண்டியைக் கிளப்பினான்.

சாவடியில் சிவப்புப் பலகையைக் கண்ட காவலர் கபிரியேல் விறைப்பாகச் சல்யூட் வைத்தார். கம்பு உயர்ந்தது. அதன் அடியிலேயே செல்லத்துரை வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்தான். இறங்கினான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தன் சட்டையைக் கழற்றிப் பலகையின் மேல் போர்த்தி, சட்டைக் கைகள் இரண்டையும் பின்னால் இழுத்து இறுக்கி முடிந்தான்.

"என்னப்பா, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார் கபிரியேல்.

"வண்டியில சார் இல்ல. மூட்டைதான் இருக்கு. பாத்துக்கங்க."

கம்பு இறங்கியது. இருக்கையில் இருந்த அழகுமலையின் முகம் வெளுத்தது. அதிகாரிக்குத் தொலைபேசியில் செய்தி பறந்தது. அதிகாரி வாடகைக் காரில் வந்து சேர்ந்தபோது, மூட்டைகள் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஊரே சுற்றி நின்றது. வெற்று மார்போடு நனைந்து நின்ற செல்லத்துரையிடம் அவர் பல்லைக் கடித்தபடி சொன்னார்: "சட்டைய எடுத்துட்டு, சாவியக் குடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"நீங்க ஏறி உக்காருங்க சார். அப்பத்தான் எடுக்க முடியும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு வழியில்லை. அத்தனை கண்களுக்கும் முன்னால், அந்த மூட்டைகளைத் தாண்டி, அதிகாரி ஏறி உட்கார்ந்தார். செல்லத்துரை நிதானமாக முடிச்சை அவிழ்த்தான். ஈரச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். ஆறு ஆண்டு உழைப்பின் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தான்.

அதற்குப் பிறகு அவன் வாழ்நாள் முழுவதும் கம்பத்துக்கு வாடகை ஜீப்தான் ஓட்டினான். சாவடியில் கபிரியேல் கை காட்டுமுன்பே நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிடுவான்.

அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவனைப் பூமாரி உட்காரவைத்தாள். நடந்ததை முழுதும் கேட்டாள். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை.

"ஒறை போனாப் போகுது. இன்னொரு கால்சட்டை இருக்கு, தச்சுத் தரவா?"

"வேணாம் புள்ள. நாம மூடி வைக்க இனி என்ன இருக்கு?"

அவள் எழுந்து, அந்த ஈரச் சட்டையை வாங்கிப் பிழிந்தாள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, வாசல் கொடியில் விரித்துப் போட்டாள்.