கொக்கம்மா விழுங்கிய வார்த்தை

என் மனைவிக்கு ஊரார் வைத்த பெயர் கொக்கம்மா. கழுத்து நீளம் என்பதால் அல்ல, அதுவும் கொஞ்சம் நீளம்தான். ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. சுற்றிலும் உள்ள தனியார் நிலங்களை விலைக்கு வாங்கிச் சேர்க்க ஓர் அலுவலகம் திறந்து, அதற்கு இவளைத் தலைவியாக உட்காரவைத்தது. முதல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மனுஷனுக்கே இருக்க எடம் இல்ல, இந்தம்மா கொக்குக்கு எடம் வாங்க வந்துட்டாங்க" என்று கத்தினார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். இவளுக்கும் அப்படித்தான்.

நான் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். "எழுத்து தெரியுதா?" என்று நான் கேட்டு அனுப்பிய ஆட்களிடம் அவள் கையெழுத்து கேட்பாள். எங்கள் குடும்பத் தொழிலே எழுத்துதான் என்று உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அப்போதெல்லாம் நாங்கள் நிறையச் சிரித்தோம்.

அவளுடைய அலுவலகம் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படியேறும்போதே இருமல் மருந்து வாடை அடிக்கும். உள்ளே அவள் நாற்காலிக்கு எதிரே சுவர் முழுக்க ஒரு வரைபடம். வாங்கிய நிலத்துக்குப் பச்சை, வாங்காததற்கு வெள்ளை. ஒவ்வொரு துண்டு வாங்கியதும் அவளே பென்சிலை எடுத்துப் பச்சை அடிப்பாள். சின்னப் பிள்ளை மாதிரி கோட்டைத் தாண்டாமல் அடிப்பாள்.

யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மனதார விற்பவரிடம்தான் வாங்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எனவே வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். முதலில் பறவைகளைப் பற்றிப் பேசினாள். கொட்டாவி விட்டார்கள். மழைத் தண்ணீர், நிலத்தடி நீர் என்று பேசிப் பார்த்தாள். மோர் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கொக்கின் மேல் பாசம் வந்து நிலம் கொடுப்பவர் ஒருவரும் இல்லை. ஆனால் அண்ணனுக்குக் கிடைக்கக் கூடாது என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை என்பார்கள். இவள் அந்தக் காய்ச்சலையே மருந்தாக்கிக்கொண்டாள். எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லையோ அந்த வீட்டுக்கு முதலில் போவாள். "இந்த நிலம் இனிமே யாருக்கும் கிடையாதுங்க" என்பாள். எதிரில் இருப்பவர் முகம் மலரும். "யாருக்கும்னா, அவனுக்கும் கிடையாதுதானே?" "அவருக்கும் கிடையாது." அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து அவர்களைப் போலவே நடித்துக் காட்டுவாள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், இங்கே கொக்குக்குக் கொண்டாட்டம் என்று நானும் எடுத்துக் கொடுப்பேன்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தாள். பங்காளிகள் இருவரையும் ஒரே நேரத்தில் அலுவலகத்துக்கு வரச் சொல்ல மாட்டாள். காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர். "அடிச்சுப்பாங்கன்னு பயமா?" என்று ஒருநாள் கேட்டேன். "அடிச்சுக்கிட்டா சமாளிச்சிடலாம். கட்டிப் புடிச்சு அழுதுட்டாங்கன்னா காரியம் கெட்டுதுங்க" என்றாள்.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கோடையில், விடுமுறை நாளன்று என்னையும் சதுப்புக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் முழுக்க ஒரு பழைய வாய்க்கால் வழியாக வடிந்து போயிருந்தது. சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சுகள், பறக்கத் தெரியாதவை, சேற்றில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. தாய்ப்பறவைகள் ஒன்றுகூட இல்லை. இவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினாள். உயிர் இருந்தவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் செத்துப்போயின. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "அடுத்த கோடையில இதப் பாக்க என்னால ஆகாது" என்று மட்டும் சொன்னாள்.

தண்ணீர் வடியாமல் தடுக்க அந்த வாய்க்காலில் ஒரு மதகு கட்ட வேண்டும். வாய்க்கால் போகும் நிலம் அண்ணன் தம்பி இருவரின் கூட்டுச் சொத்து, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வாங்க முடியும். வரைபடத்தில் பச்சைக்கு நடுவே, விழுந்த பல் மாதிரி அந்த ஒரு துண்டுதான் வெள்ளையாக இருந்தது.

நிலத்திலேயே அவர்கள் வீடும் இருந்தது. ஒரே வீடு, நடுவில் சுவர். அப்பா படுக்கையில் கிடந்தபோது தம்பி எட்டிப் பார்க்கவில்லை என்று பெரியவர் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாராம். சின்னவர் கொத்தனாரைக் கூட்டிவந்து கூடத்தின் நடுவே சுவர் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேச்சில்லை. ஆனால் பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரியவர் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்: "மழை வர்ற மாதிரி இருக்கு. வெளிய வைக்கோல் போட்டவங்க எடுத்து வெச்சா நல்லது." அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "எங்களுக்கும் கண்ணு இருக்கு. மாத்திரை போட மறந்தவங்க மொதல்ல மாத்திரையப் போடட்டும்." இருவர் பிள்ளைகளும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், மனைவிமார் உயிரோடு இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

இவள் அங்கே போய்வந்து இதை நடித்துக் காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அது சண்டை இல்லை, அவர்கள் குடித்தனம் நடத்தும் விதம் என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

பெரியவரிடம், "யாருக்கும் கிடையாது" என்றாள். சின்னவரிடமும் அதையே சொன்னாள். இருவரும் தலையாட்டினார்கள். பெரியவர் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார். மத்தியானம் சின்னவர் வந்தார். பேனாவைக் கையில் எடுத்தவர் வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இவளைப் பார்த்துச் சொன்னார்:

"மேடம், ஒரு உதவி. அண்ணன் ஒரே ஒரு வார்த்த 'வேணாம்டா'ன்னு சொல்லிட்டா, நான் இந்தப் பேனாவக் கீழ வெச்சுட்டுப் போயிடுவேன். நான் இப்படிச் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்லிப் பாருங்களேன்."

"சரி, கேக்கறேங்க" என்று போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அங்கே நின்றாள். பெரியவரின் எண் கையிலேயே இருந்தது. குஞ்சுகளின் வாய்தான் நினைவுக்கு வந்ததாம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, "அவர் கையெழுத்துப் போட்டுட்டாருங்க" என்றாள்.

சின்னவர் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெயிலில் நடக்க வேண்டாம் என்று பின்பக்கப் படி வழியாக இறக்கி, அலுவலக ஜீப்பில் ஏற்றி அனுப்பினாள்.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இதை அப்படியே என்னிடம் சொன்னாள். இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை.

"நான் பொய் சொல்லலியே" என்றாள்.

"நான் பொய்னு சொன்னேனா?" என்றேன். சாப்பிடாத தட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்துபோனாள்.

வீட்டை இடித்தார்கள். மதகு கட்டினார்கள். அடுத்த கோடையில் தண்ணீர் நின்றது. பறவைகள் வந்தன. எத்தனை என்று கேட்காதீர்கள், மரம் தெரியவில்லை, அவ்வளவு. நான் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை உதறிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பறந்தன. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. இன்றைக்கும் அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

பெரியவர் நகரத்தின் ஒரு கோடியில் மகன் வீட்டுக்குப் போனார். சின்னவர் மறுகோடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். மழை வந்தால் சின்னவரிடம் சொல்ல ஆளில்லை, மாத்திரையைப் பெரியவருக்கு ஞாபகப்படுத்த ஆளில்லை. நேரே பேசாதவர்கள் போனில் மட்டும் பேசுவார்களா? மறு வருஷம் சின்னவர் அந்த அறையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரர் கதவை உடைத்துத்தான் பார்த்திருக்கிறார். பெரியவருக்குத் தகவல் சுற்றி வளைத்துப் போய், அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன். செருப்பை ஓரமாக விட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அவளிடம் கேட்டார்:

"மேடம், எங்களுக்கு நடுவுல கடைசியாப் பேசினது நீங்க ஒருத்தர்தான். கையெழுத்துப் போட்ட அன்னிக்கு என் தம்பி என்னப் பத்தி ஏதாவது சொன்னானா? திட்டியிருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். 'நல்லா இருக்கணும்னு சொன்னார்' என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம், ஒருவருக்கும் நஷ்டமில்லை. அவள் என் ஜாடையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னாருங்க. அண்ணன் 'வேணாம்டா'ன்னு ஒரு வார்த்த சொன்னா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அன்றைக்குப் பேசியிருக்க வேண்டியவள், இன்றைக்கு வாயை மூடிக்கொள்ளக் கூடாதா? பெரியவர் எழுந்து கத்துவார், கையை ஓங்கினால் குறுக்கே பாய வேண்டும் என்று ஓர் அடி முன்னால் வந்தேன். அவரோ கையிலிருந்த டம்ளரைத் துண்டு நுனியால் துடைத்துத் தரையில் வைத்தார்.

"அன்னிக்கு நான் வீட்டுக்குப் போகலம்மா" என்றார். மேடம் என்று சொல்லாமல் அம்மா என்றார். "எதுத்தாப்புல டீக்கடையிலதான் ஒக்காந்திருந்தேன். மத்தியானம் அவன் வருவான்னு தெரியும். மேல போறதப் பாத்தேன். எறங்கி வர்றப்ப எப்படியும் கண்ணுல பட்டுத்தானே ஆகணும், அப்பப் பேசிடலாம்னு. இருட்டுற வரைக்கும் பாத்தேன். எந்த வழியாப் போனான்னே தெரியல."

என் மனைவி தரையிலிருந்த டம்ளரை எடுத்தாள். பின்பக்கப் படியைப் பற்றி அவள் சொல்லவில்லை. அதை நானும் சொல்லவில்லை.

பெரியவர் எழுந்தார். வாசலுக்குப் போகிறவர்போல நாலடி நடந்து, எங்கள் கூடத்துச் சுவருக்கு முன்னால் நின்றார். அதில் ஒன்றும் இல்லை, சுண்ணாம்பு உரிந்த வெறும் சுவர். அந்தப் பக்கம் ஆள் இருப்பதுபோல் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "வேணாம்டா" என்றார்.

பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.