இளவரசி கையசைப்பதை நிறுத்தினார்

எங்கள் சாரதிப் பயிற்சிப் பள்ளியின் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது என் முதலாளி கதிரையை விட்டு எழுந்து நின்றார். வரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தபோதுகூட எழும்பாத மனிதர் அவர். வந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். இடது கை மடங்கி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. வலது கையில் ஊன்றுகோல்.

"ஓட்டோமற்றிக் கார் பழக்குறது ஆர்?" என்று கேட்டார்.

முதலாளி என்னைக் காட்டினார். நாங்கள் பேசியதெல்லாம் ஜேர்மன் மொழியில்தான். ஆனால் அவருடைய பேச்சு என் நினைவில் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது.

அவரை எனக்குத் தெரியும். இந்த ஜேர்மன் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முன்பு இந்தப் பகுதியை ஆண்ட அரச வம்சத்தில் பிறந்தவர். முடியாட்சி போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. பட்டமும் சட்டப்படி குடும்பப் பெயரின் ஒரு துண்டு, அவ்வளவுதான். குன்றின் மேலுள்ள மாளிகை மட்டும் குடும்பத்திடம் மிஞ்சியது. அதன் ஒரு மூலையில் இவர் தனியாக வாழ்கிறார். மீதியைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார். நுழைவுச்சீட்டு கொடுப்பது, கல்யாணங்களுக்கு மண்டபத்தை வாடகைக்கு விடுவது, கூரை ஒழுகினால் ஆள் தேடுவது எல்லாம் அவர்தான். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. அவர் கார் ஓட்டலாம் என்று மருத்துவர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் இடது கை ஏலாதவர்களுக்கென்று மாற்றியமைத்த காரில் அவர் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றது அனுமதிப்பத்திர அலுவலகம்.

முதல் நாள் காரில் ஏறியதும், "உங்களை நான் எப்பிடிக் கூப்பிடுறது?" என்று கேட்டேன்.

"என்ரை பேர் நல்ல நீளம். நீங்கள் பிரேக் பிடிக்கச் சொல்லுற அவசரத்தில பேரே வேண்டாம்" என்றார்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "அரச குடும்பமோ? உனக்கு இனி எங்கடை கோயில் திருவிழாவில தனி மரியாதைதான்." பிறகு, "கார் ஓடுவாவோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

ஸ்டியரிங்கில் பொருத்திய ஒரு குமிழைப் பிடித்து வலது கையாலேயே அவர் காரைத் திருப்ப வேண்டும். சிக்னல் பொத்தான்களும் அதே குமிழில்தான். அதை அவர் வேகமாகப் பிடித்துக்கொண்டார். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் காய்கறிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். உடனே அவரது வலது கை குமிழை விட்டு மேலே எழுந்தது. கார் நடைபாதையை நோக்கிச் சரிந்தது. நான் என் பக்கத்துப் பிரேக்கை அழுத்தினேன்.

"ஏன் கையை எடுத்தனீங்கள்?"

"அவர் வணக்கம் சொன்னவர்."

"சொல்லட்டும். நீங்கள் கையை எடுக்கக்கூடாது."

"நடக்கப் பழக முந்தியே இதைத்தான் எனக்குப் பழக்கினவை. கும்பிடுறவைக்குத் திருப்பிக் கும்பிடாமல் போறது எங்கடை வீட்டில பெரிய குற்றம்" என்றார்.

அடுத்தடுத்த பாடங்களிலும் அதுவே நடந்தது. ஊரில் யாராவது தலை அசைத்தால் போதும், அவர் அறியாமலே கை கிளம்பிவிடும். சுற்றிப்போகும் வயல் பாதையில் பழகலாமா என்று கேட்டேன். "நான் இருக்கிறது இந்த ஊரில. இந்தத் தெருவாலதான் போவன்" என்று மறுத்துவிட்டார்.

சில வாரங்களில் கை அடங்கியது. அதன் விலை உடனே தெரிந்தது. வெதுப்பகத்தில் பாண் வாங்கப் போனபோது ரொட்டி விற்கும் பெண் என்னிடம், "பக்கவாதம் வந்தாப்பிறகு அவவுக்குப் பெருமை கூடிப்போச்சு. ஆரையும் பாக்கிறா இல்லை" என்றாள். மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சனிக்கிழமைச் சந்தை நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு போய், கடை கடையாக நின்றார். காய்கறிக்கடை, பாற்கட்டிக்கடை, பூக்கடை. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

"எனக்கு இப்ப ஒரு கைதான். கார் ஓடேக்கை அது காருக்குத் தேவை. நீங்கள் கை காட்டினால் நான் காட்ட மாட்டன். குறை நினைக்காதேங்கோ. வணக்கம் சொல்ல விரும்பினால் நான் நடந்து வரேக்கை சொல்லுங்கோ."

வெதுப்பகப் பெண் முகம் சிவந்து, ஒரு இனிப்பு ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டினாள். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதை வாங்கினார்.

கோடைத் தொடக்கத்தில் அவருடைய அண்ணன் மியூனிக்கிலிருந்து வந்தார். குடும்பத்தின் தலைவர் அவர். மாளிகையும் அவர் பெயரில்தான். நாங்கள் காரை முற்றத்தில் நிறுத்தியபோது வாசற்படியில் காத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் அல்ல. தங்கையை இறக்கிவிடத் தானே வந்து கதவைத் திறந்தார்.

"மியூனிக்கில நல்ல வீடு பாத்திருக்கிறன். லிஃப்ட் இருக்கு. இங்கை ஒரு மனேஜரைப் போடலாம்" என்றார்.

"மனேஜர் நான்தான், அண்ணை."

"அப்ப ஒரு டிரைவரையாவது வை."

"டிரைவருக்கு நேரம் இருக்கிற நேரம் நான் வெளிக்கிட வேணும். எனக்கு அது ஏலாது."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ. இவவால ஓட ஏலுமோ?"

என் சம்பளம் அவர் தங்கை தரும் பாடங்களிலிருந்து வருவது. அதற்காகப் பொய் சொல்ல முடியாது. இடப்பக்கம் பார்ப்பதில் அவர் இன்னும் பிந்திக்கொண்டிருந்தார். "இன்னும் இல்லை" என்றேன்.

தங்கை அண்ணனைப் பார்த்து, "இன்னும் எண்டு சொல்லுறா. கேட்டனியோ?" என்றார்.

முதல் தேர்வில் தவறிவிட்டார். இடப்பக்கமாக வந்த சைக்கிளை அவர் காணுமுன் நான் பிரேக் பிடிக்க வேண்டியதாயிற்று. பின் இருக்கையிலிருந்த பரிசோதகர் மரியாதையாகத்தான் முடிவைச் சொன்னார். இளவரசி காரைவிட்டு இறங்கவில்லை. "அடுத்த தேர்வுக்கு டெர்மின் எந்த நாள் கிடைக்கும்?" என்று அங்கேயே கேட்டார். பரிசோதகர் போனபின் அழுதார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூக்கைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு இடப்பக்கம் மட்டும் பழகுவம்" என்றார்.

அப்படியே பழகினோம். ஒவ்வொரு சந்தியிலும் கழுத்தைத் திருப்பி, கண்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். "இடப்பக்கம் குப்பைத்தொட்டி. இடப்பக்கம் நாய். இடப்பக்கம் பாதிரியார்." வெட்கமில்லாமல் சொன்னார். மூன்று வாரங்களில் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றி, என் கணவரின் காரில் போகும்போதும் முணுமுணுத்தேன்.

இரண்டாம் தேர்வன்று நகர மன்றத்தின் முன்னால் ஒரு பள்ளிக்கூட வகுப்பே நின்று கையசைத்தது. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது, பாவம். அவரது கழுத்து நரம்பு இறுகியதைப் பார்த்தேன். விரல்கள் குமிழிலேயே இருந்தன. "இடப்பக்கம் பிள்ளையள்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

தேறிவிட்டார். ஆனால் நிபந்தனைகள் இருந்தன: பகல் வெளிச்சத்தில் மட்டும், இந்த மாவட்டத்துக்குள் மட்டும். ஒரு பழைய சிறிய காரை வாங்கி மாற்றியமைத்தார். மிச்சக் கோடை முழுவதும் அதில் வங்கிக்கும் தச்சரிடமும் போய்வந்தார். மியூனிக் வீட்டுப் பேச்சை அண்ணன் விட்டுவிட்டார். மாளிகைக் கூரையின் மேற்குப் பக்கம் புது ஓடு ஏறியது.

ஐப்பசி கடைசியில் என் தொலைபேசி அடித்தது.

"இப்ப நாலரைக்கே இருட்டுது. கடைசிப் பார்வையாளர் போறது அஞ்சு மணிக்கு. அதுக்குப் பிறகுதான் நான் வெளியில போக ஏலும்" என்றார். "இருட்டில ஓடுறதுக்கு அனுமதி கேட்டு ஒரு ஆன்ட்ராக் எழுதிக் குடுத்திருக்கிறன். அவை திரும்பவும் ஓடிக் காட்டச் சொல்லுவினம். உங்களிட்ட எப்ப நேரம் இருக்கு?"

செவ்வாய் பின்னேரம் என்றேன். வாறன் என்றார்.