இறால் இல்லாத நாளில் அது எதைத் தின்றது?

பீக்கரின் அடியில்

காலை ஆறரை மணிக்கு நான்காம் தொட்டியில் பீக்கரை முக்கி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முந்தின மாலை வரை துள்ளிக்கொண்டிருந்த இறால் குஞ்சுகள் அடியில் பஞ்சுத் தூசி மாதிரி படுத்துக் கிடந்தன. எட்டுத் தொட்டியிலும் அதே கதைதான். அது இரண்டாவது பேட்ச். முதல் பேட்ச் மழைக்காலம் முடிந்த கையோடு இதே மாதிரி போயிருந்தது.

மரக்காணம் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். ஹேச்சரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாய் இறாலின் முட்டை பொரிந்ததும் வருவது நாப்ளி. அது எதையும் தின்னாது. இரண்டு நாளுக்குள் உருமாறி ஜோயியா ஆகும். அப்போதுதான் அதற்கு முதல் சாப்பாடு. கீட்டோசிரஸ் என்ற நுண்பாசியை நாங்களே வளர்த்து ஊட்டுவோம். ஜோயியா தாண்டி அடுத்த நிலையான மைசிஸ் ஆகிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். எங்களுக்கு இரண்டு முறையும் ஜோயியாவிலேயே அடி விழுந்தது.

செத்த குஞ்சு ஒன்றை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தசை இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை இழை ஓடியிருந்தது. ஒரு இழை மட்டும் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே நீண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனியில் ஒரு குமிழி ஊதியது. குமிழிக்குள் ஏதோ பொடிப்பொடியாகச் சுழன்றது. பிறகு குமிழி உடைந்து, வித்துகள் வாலை ஆட்டிக்கொண்டு திசைக்கொன்றாக நீந்திப் போயின. பேட்ச் போன வயிற்றெரிச்சலிலும், "அடப்பாவி, என்ன அழகு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்ன சார் அழகு? எல்லாம் செத்துக் கெடக்குது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. லூர்தம்மா. ஜோயியா தொட்டிகள் அவர் பொறுப்பு. பதினாறு வருடமாக அதே இடம், அதே வேலை. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். போன நாளில் உண்டு, போகாத நாளில் இல்லை. அந்த வீட்டுக்கு மாதம் தவறாமல் வருவது லூர்தம்மாவின் சம்பளம் மட்டும்தான்.

மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்தது லேஜெனிடியம் என்ற நீர்ப்பூஞ்சை. முதலாளியிடம் சொன்னேன். அவர் பரம்பரையாக உப்பளம் வைத்திருப்பவர். ஹேச்சரி அவருக்கு இரண்டாவது தொழில்.

"ஏம்பா அந்தோணி, உப்புத் தண்ணியில பூஞ்சை எப்படிப்பா வரும்? என் பாத்தியில ஒரு புல்லு மொளைக்குதா?"

"இது கடல் தண்ணிக்குப் பழகின ஜாதிங்க."

"சரி, எங்கேருந்து வருது?"

"ஹோஸு, பக்கெட்டு எல்லாம் சரியா கழுவலன்னா, செத்த குஞ்சு ஒட்டிக்கிட்டு அடுத்த பேட்ச்சுக்கு வந்துடும்ங்க."

யார் கழுவுவது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர், "பத்து நாள் எல்லாத்தையும் காயப் போடு. அடுத்து குஞ்சு விடுறதுக்கு வேற ஆளு பாரு. லூர்த அனுப்பிடு" என்றார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றே லாக் புத்தகத்தில், "ஜோயியா பகுதி: ஹோஸ் கழுவுவதில் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும்.

காய்க்கு ஒரு கத்தி, மீனுக்கு ஒரு கத்தி

இரண்டு பேட்ச்சிலும் செத்த குஞ்சுகளைப் புதுச்சேரியில் ஆராய்ச்சி செய்யும் நஸ்ரீன் என்ற பெண்ணுக்கு அனுப்பியிருந்தேன். பத்து நாள் இடைவெளியில் ஆறாவது நாள் அவளே ஈ.சி.ஆர் பஸ் பிடித்து வந்துவிட்டாள். லேப்பில் உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணா, ரெண்டு பேட்ச்சையும் கொன்னது ஒரே பூஞ்சைதான். ஜீனோம் முழுசா படிச்சாச்சு. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லன்னு சொல்லலாம். நீங்க ரெண்டு தடவையும் வேற தாய் இறால் வாங்கினீங்க. கடல் தண்ணியும் வேற. வெளியேருந்து வந்திருந்தா இவ்ளோ ஒத்துப் போகாது. இது உங்க ஹேச்சரியிலயே குடியிருக்குது."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் சொன்னதைத்தானே ஜீனோமும் சொல்கிறது! தரை துடைத்துக்கொண்டிருந்த லூர்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நஸ்ரீன் பேசப் பேச எனக்கு அந்தப் பூஞ்சை மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. "மொதல்ல இது காளான் ஜாதியே இல்லண்ணா. பாக்கத்தான் அப்படி. வம்சத்தைப் பாத்தா, நீங்க குஞ்சுக்கு ஊட்டுறீங்களே கீட்டோசிரஸ், அதுக்கு தூரத்து சொந்தம்."

"சோறு போடுறதும் உயிரை எடுக்குறதும் ஒரே குடும்பமா!" என்றார் லூர்தம்மா.

"ஆமாக்கா. ஆனா இந்தக் கூட்டம் வர்ற வழியில நெசக் காளான்கிட்டேருந்தும் சில ஜீனை வாங்கி வெச்சுக்கிச்சு. வாங்கினதைச் சும்மா வெக்கல. ஒண்ணைப் பல காப்பியா பெருக்கி, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சம் மாத்திக்கிச்சு. பொதுவா அடுத்தவன் உடம்புல ஒட்டிப் பிழைக்கிற ஜீவன் எல்லாம் தனக்குத் தேவைப்படாத ஜீனைத் தொலைச்சிடும். அது இல்லாமலே சாப்பாடு கெடைக்குது இல்ல? இது மட்டும் தொலைக்கல. செடியோட நாரை அறுக்கிற நொதிக்கும் ஜீன் வெச்சிருக்குது, இறால் உடம்பைக் கரைக்கிற நொதிக்கும் வெச்சிருக்குது."

"காய் நறுக்க ஒரு கத்தி, மீன் ஆய ஒரு கத்தின்னு சொல்லு."

நஸ்ரீன் சிரித்துவிட்டாள். "அதேதான்கா. நான் அரை மணி நேரமா சொல்றதை நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க."

தன் லேப்பில் அவள் அதற்குப் பல சாப்பாடு போட்டுப் பார்த்திருந்தாள். இறால் ஓடு, வேகவைத்த புல், மகரந்தம், எள், சவுக்கு இலை. எதைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் தின்றதாம். போட்டோவைக் காட்டினாள். சவுக்கு இலை மேல் வெள்ளை ரோமம் அடர்ந்திருந்தது. ஒரு செல் அகல இழை, அதற்குள் இத்தனை சாமர்த்தியம். நான் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கிளம்பும் முன் அவள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "இறால் இருக்கிற நாள்ல அது எதைத் தின்னுதுன்னு தெரியும்ணா. தொட்டி காஞ்சு கெடக்குற இந்தப் பத்து நாளும் எதைத் தின்னுது? அதைத் தேடுங்க."

பதிமூன்று எள்ளு முடிச்சு

தேடும் முறையையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். எள்ளை வேகவைத்து, சின்ன வலைத்துணியில் முடிந்து, சந்தேகப்படும் ஈரத்தில் எல்லாம் தொங்கவிட வேண்டும். நீந்தும் வித்து பக்கத்தில் இருந்தால் எள்ளின் வாசனைக்கு வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் ரோமம் முளைக்கும். நான் லேப் அடுப்பில் எள்ளை வேகவைப்பதைப் பார்த்த லூர்தம்மா, "எள்ளுருண்டை புடிக்கப் போறீங்களா சார்?" என்றார். அவரை வேலையை விட்டு எடுக்கப்போவது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஆனாலும் கேலி நிற்கவில்லை.

பன்னிரண்டு முடிச்சு கட்டினேன். பன்னிரண்டும் லூர்தம்மாவின் இடத்தில்தான். காய்ந்து கிடந்ததில் எல்லாம் கொதிக்கவைத்து ஆறிய கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். ஹோஸ் ஊறும் ட்ரம்மில் இரண்டு, பக்கெட்டுகளில் நான்கு, வலை அலசும் தொட்டியில் ஒன்று, வடிகாலில் மூன்று, கையுறை கழுவும் தண்ணீரில் ஒன்று, அவர் காலைக் கழுவிவிட்டு உள்ளே வரும் இடத்தில்கூட ஒன்று. கண்டுபிடிப்பதற்காகக் கட்டினேன் என்று அன்று நம்பினேன். இப்போது யோசித்தால், அவர்தான் காரணம் என்று நிரூபிக்கவே கட்டியிருக்கிறேன்.

நஸ்ரீனுக்கு லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மேல் தொட்டி எங்கண்ணா?"

கடல் தண்ணீர் மணலில் வடிகட்டி, க்ளோரின் போட்டு, கிருமி கொல்லும் யூவி விளக்கைத் தாண்டி, கடைசியில் மாடியில் உள்ள மேல் தொட்டிக்கு வரும். அங்கிருந்துதான் குஞ்சுத் தொட்டிகளுக்கு இறங்கும்.

"அது சுத்தம் பண்ணி முடிச்ச தண்ணிம்மா. சாவியே என்கிட்டதான் இருக்குது. என்னைத் தவிர யாரும் ஏற மாட்டாங்க."

"அப்ப போட்டுட்டு சீக்கிரம் எறங்கிடுவீங்க. போடுங்கண்ணா."

எரிச்சலோடு ஏறினேன். தொட்டியை மூடியிருந்த தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கி, பதிமூன்றாவது முடிச்சை உள்ளே விட்டுவிட்டு இறங்கினேன். எல்லாத் தொட்டியையும் காயப் போட்டபோது அதை மட்டும் நான் காலி செய்திருக்கவில்லை. சுத்தமான தண்ணீரை எதற்குக் கொட்டுவது என்ற நினைப்புதான்.

மூன்றாம் நாள் காலை பன்னிரண்டு முடிச்சையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒன்றில்கூட இல்லை. அந்த அம்மாள் கழுவியிருந்த சுத்தத்துக்கு எள்தான் வீணானது. மாடிக்குப் போய்ப் பதிமூன்றாவதை இழுத்தேன். மைக்ராஸ்கோப்பே தேவைப்படவில்லை. எள் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது.

தார்ப்பாயை முழுக்க விலக்கினேன். தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயில் ஒரு குருத்தோலை கட்டியிருந்தது. வருடா வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை வீட்டில் மாட்டுவோம். நான் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வந்து, ஹேச்சரிக்குக் கெடுதல் வரக்கூடாது என்று அந்தக் குழாயின் உச்சியில் கட்டுவேன். யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருடமும் அது உயரத்தில் காய்ந்து கிடந்தது. இந்த முறை தார்ப்பாயைத் தூக்கியடித்த மழைக்காலக் காற்றில் கயிறு தளர்ந்து, ஓலையின் வால் ஒரு சாண் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று ஊறிப்போயிருந்தது. இறால் இல்லாத நாளில் அந்தப் பூஞ்சை காய்க் கத்தியை எடுத்துக்கொண்டு என் ஓலையைத் தின்றுகொண்டு, அடுத்த பேட்ச்சுக்குக் காத்திருந்திருக்கிறது. க்ளோரினையும் யூவியையும் தாண்டின இடத்தில் அதற்கு நானே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

சுற்றிலும் பார்த்தேன். மாடியில் யாரும் இல்லை. தூரத்தில் உப்பளத்தில் ஆட்கள் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். ஓலையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய் எரித்துவிட்டால் கதை முடிந்தது. அடுத்த பேட்ச் பிழைக்கும். புது ஆள் வந்ததும் சரியாகிவிட்டது என்று முதலாளி சொல்வார். லூர்தம்மாதான் அழுக்கு என்று இந்தக் கடற்கரை முழுக்கப் பேசும். வேறு எந்த ஹேச்சரியும் அவரைச் சேர்க்காது. ஐந்து நிமிடம் நான் அங்கேயே நின்றேன். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முதலாளியையும் லூர்தம்மாவையும் லேப்புக்குக் கூப்பிட்டு, இரண்டு பேர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமிக்குன்னு கட்டுன ஓலையிலயா?" முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏம்பா, அந்தம்மாவ அனுப்பச் சொன்னப்போ நீ வாய தெறக்கலியே."

"நீங்க அப்படி நெனைக்கிற மாதிரி சொன்னதே நான்தாங்க."

லூர்தம்மா ஓலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஓலைய குத்தம் சொல்லாதீங்க. தண்ணிக்குள்ள தொங்க விட்டது யாரு?"

"தப்பு என்னோடதுதான் லூர்தம்மா. மன்னிச்சிடுங்க."

"மேல் தொட்டிய இப்ப யாரு கழுவுறது? நீங்களா, நானா?"

"நான்."

"கழுவுங்க. நான் நின்னு பாக்குறேன்."

மூன்று முறை கழுவவைத்தார். லாக் புத்தகத்தில் பழைய வரியை அடித்து, கீழே நடந்ததை எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது பேட்ச் லூர்தம்மாவின் கையிலேயே ஜோயியாவைத் தாண்டியது.

சாம்பல் புதன்

ஓலையைப் பிளீச்சிங் பவுடரில் முக்கிக் குப்பையில் போடப் போனேன். லூர்தம்மா தடுத்துவிட்டார். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. பழைய ஓலைகளைக் கோயிலில் சேர்த்து எரித்துத்தான், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பார்கள். சேதி கேட்டு மறுபடி பஸ் பிடித்து வந்த நஸ்ரீன் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். மீதியை லூர்தம்மா வெயிலில் காயவைத்து, கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரிடம் கொடுத்தார். எதையும் தின்னத் தெரிந்த அந்த ஜீவனிடம் நெருப்பைச் சமாளிக்க மட்டும் ஒரு கத்தியும் இல்லை.

சாம்பல் புதனன்று வரிசையில் எனக்கு முன்னால் லூர்தம்மா நின்றார். சாமியார் அவர் நெற்றியில் பூசினார், பிறகு என் நெற்றியில். வெளியே வந்ததும் லூர்தம்மா என் நெற்றியை ஒரு நிமிடம் பார்த்தார்.

"நீங்க பழிய என் மேல மட்டும் பூசுனீங்க சார். சாமியாரு எல்லாருக்கும் ஒரே மாதிரி பூசுறாரு."

மறுநாள் காலை, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தொடங்கிய மாதச் சோதனைக்கு எள்ளு முடிச்சுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் முடிச்சு மேல் தொட்டிக்குப் போனது, அதாவது என் இடத்துக்கு. அடுத்ததுதான் மற்றவர்களின் இடங்களுக்கு. ஓய்வு பெறும் நாள்வரை அந்த வரிசையை நான் மாற்றவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.