காலி ரோட்டில் பிரேக் போட்ட கார்

திருப்பதி ரோட்டில் என் ஷெட்டைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் திருத்தணியைத் தாண்ட முடியாது. அந்த இடம் ஒரு காலத்தில் வெறும் பாறை. கடப்பாரையால் நானே உடைத்து, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வெட்டினேன். கையில் இருந்தது ஒரு ஜாக்கி, ஒரு கிழிந்த தார்ப்பாய். இன்றைக்கு இரண்டு லிஃப்ட், ஒரு ஏர் கம்ப்ரஸர், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர், ஒன்பது ஆட்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு லாரி நடுரோட்டில் படுத்துக்கொண்டால் ஓனர்கள் முதலில் முருகனைக் கூப்பிடுவார்கள், அடுத்து என்னை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக் சங்க மலருக்கு ஒரு அனுபவம் கேட்டார்கள். என் ஷெட்டின் பெயர் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகப் பார்த்த கதையைத் தருகிறேன்.

1. பாவாவின் புது வண்டி

தாமோதரம் பாவா என் அக்கா வீட்டுக்காரர். திருப்பதிக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். இருந்த பழைய வண்டியை விற்றுவிட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் புது மாடல் கார் எடுத்தார். கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள். குறுக்கே ஏதாவது வந்தால் டிரைவர் மிதிக்காவிட்டாலும் தானே பிரேக் போடுகிற கார். அதே மாடலை ஊரில் இன்னும் ஆறேழு பேர் எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் முருகன் மலைக்குப் போய்ப் பூஜை, அங்கிருந்து நேராக என் ஷெட். ஹாரன், ஃபாக் லேம்ப், சீட் கவர் எல்லாம் நான் மாட்டுவேன். முடிந்ததும் என் கையால் ஒரு சந்தனப் பொட்டு, முன்பக்கம் ஒரு ஜரிகை மாலை. காசு கிடையாது. எந்த வேலைக்கு வந்தாலும் மாலை இல்லாமல் வண்டி என் ஷெட்டை விட்டுப் போகாது.

ஒரு மாதம் ஆவதற்குள் பாவா வந்து நின்றார்.

"ஏகா, வண்டிக்கு இன்னாவோ ஆயிடுச்சுப்பா. காலி ரோடு, முன்னாடி ஈ காக்கா இல்ல. டக்குனு தானே பிரேக் போட்டு நின்னுடுச்சு. மலைக்கு மொட்ட போட்டுகினு வந்த அம்மா, சீட்டுல போய் முட்டிகிச்சு."

"அடி பலமா?"

"முடி இருந்தா இவ்ளோ வலிச்சிருக்குமான்னு என்னியத்தான் திட்டிச்சு."

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டார். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடியது. வழியில் என் ஷெட்டில் நிறுத்தி டயருக்குக் காற்று பிடித்தார். மறுநாளே பொன்பாடி தாண்டி மறுபடியும் நின்றது. மற்ற வண்டிகளும் அதே கதைதான். சவாரிக்கு வருகிறவர்கள் பாவாவின் வண்டி என்றால் வேண்டாம் என்றார்கள்.

2. ஆளுக்கொரு சதி

டீக்கடையில் தினமும் பஞ்சாயத்து. போட்டிக் கம்பெனிக்காரன் ஃபேக்டரிக்குள்ளேயே ஆள் வைத்துக் கெடுக்கிறான் என்றார் ஒருவர். இல்லை, நாம் ஓயாமல் சர்வீஸுக்கு ஓடிவர வேண்டும் என்று கம்பெனியே செய்கிறது என்றார் இன்னொருவர். பாவாவுக்கு ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டாக்ஸிக்காரர்கள் மேல் சந்தேகம்.

நானும் ஒன்று சொன்னேன். ஊரில் அதிகம் ஓடியது அதுதான். "வெளி ஷெட்டுல கை வெச்ச வண்டி ஓடக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் உள்ளுக்குள்ள எதையோ எழுதி வெச்சிட்டான். நம்மள ஒழிக்கிறதுக்கு" என்று சங்கத்து வாட்ஸாப்பில் பேசிப் போட்டேன். அது நகரி, சித்தூர் எல்லாம் சுற்றி, யாரோ தெலுங்கில் பேசி எனக்கே திரும்பி வந்தது. கேட்டுவிட்டு, பார், ஆந்திராவில் ஒருத்தனுக்கும் நமக்குத் தோன்றியதே தோன்றியிருக்கிறது என்று பாவாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

கம்பெனிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது நான். சர்வீஸ் மேனேஜர் போன் போட்டார்.

"பெரியவரே, எங்ககிட்டேர்ந்து நல்லா போற வண்டி உங்க ஷெட்டுல நின்னுட்டுப் போனா கெட்டுப் போவுது. எல்லா வண்டியிலயும் உங்க ஸ்டிக்கர். யாரு சொல்லிக் குடுத்து செய்றீங்க?"

"நானா? என் பாவா வண்டிய நானே கெடுப்பனா?"

"அதெல்லாம் தெரியாது. இன்ஜினியர் வர்றாங்க. ரிப்போர்ட் வந்ததும் போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவோம்."

என்னிடம் இருந்ததெல்லாம் ஏகாம்பரம் கை வைத்தால் வண்டி ஓடும் என்கிற பெயர் ஒன்றுதான். அது போனால் இரண்டு லிஃப்ட்டும் பழைய இரும்பு.

3. ஒன்றைக் கழற்று, ஒரு தடவை ஓட்டு

இன்ஜினியர் கௌரி சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கினார். கம்பெனி காரில் வரவில்லையா என்று கேட்டேன்.

"வழியில நின்னுட்டா?" என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பாவா ஓட்ட, நாங்கள் இருவரும் ஏறி மலை ரோட்டுக்குப் போனோம். இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. முன்னால் ஒரு குரங்குகூட இல்லை. கௌரி லேப்டாப்பைப் பார்த்தார். முன்பக்கம் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது, அதுதான் வண்டிக்குக் கண் என்றார்.

"எதிர்ல ஏதோ பாய்ஞ்சு வருதுன்னு அது சொல்லுது. ஆனா ஒண்ணும் இல்ல. யாரோ ஒயர்ல கை வெச்சிருக்கணும்" என்று என்னைப் பார்த்தார்.

"பாக்கலாம்மா" என்றேன். லாரி நாளிலிருந்து எனக்கு ஒரே விதிதான். ஒன்றைக் கழற்று, ஒரு தடவை ஓட்டு. இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

ஹாரனைக் கழற்றினேன், நின்றது. ஃபாக் லேம்ப்பைக் கழற்றினேன், நின்றது. சீட் கவரைக்கூட உருவினேன். நான் மாட்டியதெல்லாம் ரோட்டோரம் குவிந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், "இன்னாபா, பிரிச்சு விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மதியம் ஆயிற்று. வண்டி மறுபடியும் நின்றது.

கௌரி லேப்டாப்பை மூடினார். "இதுக்கு மேல உங்க வேலை ஒண்ணும் இல்லையே ஐயா. அப்போ தப்பு எங்க பக்கம்தான். அப்படியே எழுதிடறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பாவா என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போதுதான் காற்றடித்தது. முன்பக்கம் என் ஜரிகை மாலை எழும்பி, சின்னத்துக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆடி, வெயிலில் பளிச்சென்று மின்னியது.

"இன்னும் ஒண்ணு கீதும்மா" என்றேன்.

பாவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மால மேலயா கை வெக்கிற? மலையில நின்னுகினு சாமி மாலைய கழட்டி டெஸ்ட் பண்ணுவியா?"

"சாமி கோச்சிக்காது பாவா. மால என்னுது."

கழற்றினேன். வண்டி மேலே போய்க் கீழே வந்தது. மூன்று தடவை. எங்கேயும் நிற்கவில்லை. மறுபடியும் மாட்டினேன். முதல் வளைவிலேயே நின்றது.

கௌரி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜரிகையில் இருக்கிற உலோகம் ஆடும்போது ரேடாருக்கு ஏதோ பாய்ந்து வருகிற மாதிரி தெரிந்திருக்கிறது. "சர்வீஸ்ல முதல்ல வாட்டர் வாஷ் பண்ணுவாங்க. மாலைய அப்பவே எடுத்துடுவாங்க. அதான் எங்ககிட்ட ஒரு தடவகூட நிக்கல. வெளியே வந்தா நீங்க புதுசா கட்டிடறீங்க."

பாவா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரையே திட்டிகினு இருந்தமே ஏகா. சதிகாரன் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கான்."

4. பெயர்

அன்றைக்கே ஒவ்வொரு ஓனர் வீட்டுக்கும் போய் மாலையை நானே அவிழ்த்தேன். எல்லோரும் திட்டினார்கள், காபியும் கொடுத்தார்கள். தப்பு என்னுடையது, கம்பெனி மேல் பழி போட்டது பொய் என்று வாட்ஸாப்பில் பேசிப் போட்டேன். முந்தின பேச்சு சித்தூர் வரைக்கும் போனது. இது அரக்கோணத்தைக்கூடத் தாண்டவில்லை. பாவாவின் வண்டிக்குச் சவாரி திரும்பிவிட்டது. மாலையை இப்போது டாஷ்போர்டு முருகனுக்குப் போடுகிறேன்.

தொழிலில் இருக்கிற தம்பிகளுக்கு ஒன்று. வண்டியில் காரணம் தெரியாத கோளாறு வந்தால், அமெரிக்காக்காரனையும் ஜப்பான்காரனையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் உன் கை கடைசியாகப் பட்ட இடத்தைப் பார். இது எனக்குத் தெரிந்த விதிதான். என் மேல் போட்டுப் பார்க்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

இப்போது அந்தக் கம்பெனி புது வண்டியோடு ஒரு தாள் தருகிறது. மாலை போட்ட காரின் படம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. "எங்கள் பொறியாளர்களின் ஆய்வில் கண்டறியப்பட்டது" என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். கௌரி தன் ரிப்போர்ட்டில் என் பெயரை எழுதினாராம். மேலே இருப்பவர்கள் எடுத்துவிட்டார்களாம்.

இந்த மலர் அவர்கள் கைக்குப் போகும் என்று தெரியும். அதனால் இங்கேயே கேட்கிறேன். அந்தத் தாளில் என் பெயர் வர வேண்டும். கண்டுபிடித்தவன் என்று போட மனசு வரவில்லையென்றால், மாலையைக் கட்டியவன் என்றாவது போடுங்கள்: ஏகாம்பரம், திருப்பதி ரோடு, திருத்தணி.