இதயத்தில் இல்லாத நாளம்

மகளின் போனில், வட்ஸ்அப் குழுவொன்றில் வந்திருந்த உயிரியல் நோட்ஸை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இதயப் படத்தின் ஓரத்தில், எந்த மனிதருக்கும் இல்லாத ஒரு நாளம் ஓடியது. பேனை கசிந்து மை கொட்டிய இடத்தை மறைக்க நான் வரைந்தது அது.

மகள் இப்போது பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனையை இரண்டாம் தரம் எழுதத் தயாராகிறாள். 'செகண்ட் ஷை' என்போம். கேட்க ஏதோ விளையாட்டுப் போல இருக்கும். எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நானும் எழுதியவள்தான். முதல் தரம் சோதனை முடிந்த மறுநாளே என் நோட்ஸ் கொப்பிகளையெல்லாம் சாச்சியின் மகள் நஸீராவிடம் கொடுத்துவிட்டேன். சாய்ந்தமருதில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுக்குள். சோதனை முடிந்த பிறகும் கொப்பியை வைத்திருந்தால் திரும்ப எழுத வந்துவிடும் என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பயம். படித்ததென்னவோ விஞ்ஞானம்! எனக்கோ டொக்டராகிவிட்ட நினைப்பு வேறு. முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் 'டொக்டர்' என்று பூப்போட்டு எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தோடுதான் கொடுத்தேன்.

மாதக்கணக்கில் காத்திருந்து ரிசல்ட்ஸ் வந்தபோது, மருத்துவ பீடத்துக்குத் தேவையான இசட் ஸ்கோர் நூலிழையில் காலை வாரிவிட்டது. அடுத்த சோதனை நெருங்கியிருந்தது. கையில் ஒரு கொப்பிகூட இல்லை.

"நஸீராட்டக் கேட்டு வாங்கித் தாங்களன் உம்மா."

"குடுத்தத திருப்பிக் கேக்கிறயா? அவளும் இந்த முறதானே எழுதுறாள் புள்ள."

அதுதான் வயிற்றெரிச்சல். அம்பாறை மாவட்டத்துக்குக் கிடைக்கும் கொஞ்ச இடத்துக்கு நானும் அவளும் ஒரே கொப்பியை வைத்துப் போட்டி. அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் டியூஷனுக்குப் போவாள். திரும்பி வரும்வரை அவளுடைய மேசையில், என் எழுத்தைப் பார்த்து நானே எழுதினேன். சாச்சி பிளேன்டீ கொண்டுவந்து வைத்து, "எழுது மகள்" என்பார். அந்த அன்புகூடக் குத்தியது. பொய் நாளத்தையும் விடாமல் பார்த்து வரைந்தேன் என்றால், மூளை இருந்த நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அந்த முதல் பக்கம் கண்ணில் பட்டது. சரக்கென்று கிழித்தேன். நிமிர்ந்தால், வாசலில் நஸீரா.

"ஏன் ராத்தா கிழிச்ச?"

"அது பாடமில்ல."

அந்தச் சோதனையில் அவளுக்கு மருத்துவ பீடம் கிடைத்தது. எனக்கு இரண்டாம் தரமும் தவறியது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்து, அரச வேலையில் சேர்ந்தேன். வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் இன்றைக்கும் நஸீராவுக்குச் சலாம் சொல்லும்போது கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. கொப்பிகள் அவளிடமிருந்து எத்தனை கை மாறினவோ, கடைசியில் யாரோ படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்போது எல்லாரிடமும் எல்லாம் இருக்கிறது. கொடுத்துவிட்டுத் தவிக்க ஒருவரிடமும் கொப்பி இல்லை.

"இந்த நாளம் பிழை மகள், பாடமாக்காத."

"எல்லாரும் இதத்தான் உம்மா படிக்கிற. எப்பிடிப் பிழைக்கும்?" திரையை மேலே தள்ளினாள். "ஆர்ட நோட்ஸ் எண்டுதான் தெரியா. ரெண்டாம் பக்கத்துல இரிந்து தொடங்குது, முதல் பக்கத்தக் காணல்ல. முக்கியமா என்னமும் விடுபட்டிரிக்குமா?"

"இல்ல மகள்," என்றேன். "அதுல பாடம் ஒண்டுமில்ல."