ஹால்வோரின் முதுகு

என் தங்கை தோருனின் கணவன் ஹால்வோரைப் பொறுத்தவரை, புற்றுநோயைக் கொண்டுவராத பொருள் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. வாஃபிள் அப்பத்தின் ஓரம் லேசாகக் கருகியிருந்தாலும் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் வாயில் வைப்பான். செல்போனுக்குப் படுக்கையறையில் இடமில்லை. இரவெல்லாம் அது குளியலறையில் துண்டுக்கடியில் கிடக்கும். நிலவறையில் பூமிக்கடியிலிருந்து ரேடான் வாயு கசிகிறதா என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கருவி வைத்து அளந்தான். பயமில்லை என்று முடிவு வந்தது. நம்பாமல் அடுத்த குளிர்காலமும் அளந்தான்.

மற்றபடி தங்கமான மனிதன். பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. பனியைத் தள்ளுவான், கதவுகளைப் பழுதுபார்ப்பான், தொலைந்த கையுறைகளைத் தேடிக் கொடுப்பான். பிள்ளைகளுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் சொல்வேன். தோருன் இன்னும் மோசம். அவன் செய்தித்தாளை மடித்து வைத்ததுமே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னிக்கு எதுல கேன்சர் வருதாம்? தண்ணியிலயா, காத்துலயா?"

அவன் பயப்படாதது ஒன்றே ஒன்றுதான், வெயில். அவன் மட்டுமா, எங்கள் பள்ளத்தாக்கில் யார்தான் வெயிலுக்குப் பயந்தார்கள்? நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் பிப்ரவரி வரை முகம் காட்டாது. ஈஸ்டர் விடுமுறையில் மலைமேல் இருக்கும் எங்கள் குடிலுக்குப் போய், தெற்குப் பார்த்த சுவரோரம் பெஞ்சைப் போட்டு, ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்தால்தான் எங்களுக்கு உயிரே வரும். சுற்றிலும் பனி, வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக, மற்றதெல்லாம் செம்பு நிறமாக வேலைக்குத் திரும்பினால்தான் ஈஸ்டர் கொண்டாடியதாகக் கணக்கு. ஹால்வோர் சட்டையைக் கழற்றிவிடுவான். முன்பக்கம் வெந்ததும் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டுவான்.

போன ஈஸ்டரில் நான் வெயில் கிரீமை நீட்டினேன். அவன் பதறி விலகினான்.

"ஐயோ, வேண்டாம்க்கா! அதுல என்னென்ன ரசாயனம் இருக்குன்னு படிச்சீங்களா? தோல் வழியா உள்ள போயி கேன்சரை உண்டாக்குமாம்."

எனக்கு வந்த எரிச்சலில் கையிலிருந்ததையெல்லாம் என் மூக்கிலேயே அப்பிக்கொண்டேன்.

அவனுக்குப் பின்னால் தோருன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய இடது தோள்பட்டைக்குக் கீழே இருந்த மச்சம் மாறியிருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. முந்தைய வருடம் சின்னப் பொட்டாக இருந்தது, இப்போது காப்பிக்கொட்டை அளவுக்குக் கறுத்து, ஓரம் சிந்தின மை மாதிரி கலைந்திருந்ததாம். தன் முதுகு தனக்குத் தெரியாது. அவன் முதுகை உற்றுப் பார்க்க அவனுக்கு இருந்தவள் ஒருத்திதான். அவள் வாயே திறக்கவில்லை.

எனக்கே ஜூன் மாதம்தான் போனில் சொன்னாள்.

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"சொன்னா அவன் தூங்குவானாக்கா? ஈஸ்டர் போகட்டும்னு பாத்தேன். அப்புறம் மே பதினேழு, தேசிய தினம் வந்துச்சு. ஸ்கூல் ஊர்வலம், கொடியெல்லாம் அவன் பொறுப்பு. அது போகட்டும்னு பாத்தேன். அப்புறம் எனக்கே பயம் வந்துடுச்சு."

"வளந்திருக்கா?"



"வளந்திருக்கு."

"இன்னிக்கே டாக்டருக்குப் போன் போடு. நீ போடலேன்னா நான் நேரா அவன்கிட்டயே பேசிடுவேன்."

டாக்டரம்மாவுக்கு ஹால்வோர் என்றால் புலி வருது கதைதான். எத்தனை முறை போயிருப்பான்! அன்றும் கதவைத் திறந்தபோதே சிரித்திருக்கிறார்.

"வாங்க ஹால்வோர். இந்தத் தடவை என்ன, மைக்ரோவேவா?"

"இந்தத் தடவை நான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் தோருன்.

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டதாம். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றச் சொன்னார். அந்த வாரமே மச்சத்தை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் ஹால்வோர் எதைப் பற்றியும் புலம்பவில்லை. ஊர் கூடிக் கொளுத்தும் கோடைத் திருநாள் தீயில் கரிக்கட்டையாய் வெந்த சாசேஜை யார் நீட்டினாலும் சுரண்டாமல் தின்றான். அதைப் பார்த்துத்தான் நானும் பயந்தேன்.

முடிவு கேட்கப் போன அன்று நான்தான் காரை ஓட்டினேன்.  என்னையும் உள்ளே உட்காரவைத்தார்கள்.

"தோல் புற்றுநோய்தான்" என்றார் டாக்டர். "ஆனா ஆழமா இறங்கல. ஆஸ்பத்திரில சுத்தி இருக்கற தோலை இன்னும் கொஞ்சம் எடுத்துடுவாங்க. அப்புறம் அடிக்கடி வந்து காட்டணும். இன்னொரு வருஷம் விட்டிருந்தா நான் இவ்வளவு நிம்மதியா பேசிட்டிருக்க மாட்டேன். மொதல்ல கவனிச்சது யாரு?"

தோருன் தரையைப் பார்த்தாள்.

"நான்தான். ஈஸ்டர்ல."

ஹால்வோர் டாக்டருக்கு நன்றி சொன்னான். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான். பின்சீட்டில் தோருன் அழுதுகொண்டே வந்தாள். ஏரிக்கரை தாண்டும்வரை பொறுத்திருந்தான்.

"ஈஸ்டர்லயே பாத்தியா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

பெல்ட்டைக் கழற்றிவிட்டு முழுசாகப் பின்னால் திரும்பினான். 

"முப்பது வருஷமா பயப்படத்தானே பழகிட்டிருந்தேன், தோருன்? நெஜமாவே பயப்பட வேண்டியது வந்தப்ப, என்னை வெயில்ல உக்கார வெச்சுட்டு நீ மட்டும் தனியா பயந்துட்டிருந்தியா?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவன் இறங்கி, பின்கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.